மாமாவின் விரல்

துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கிற கூடத்தில் கேமரா அவளுடைய பொறுப்பு. மனிதக் கண்ணுக்கு அகப்படாததைப் பிடித்துவிடுகிற கேமரா அது. அரை நொடியில் நடந்ததைத் திரையில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டிக் காட்டும். குண்டு ஆடி அசைந்து வெளியே வரும், பின்னாலேயே புகை வளையம் வளையமாக விரியும். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளும் ஐந்து வருஷமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடுகிறவர் அவளுடைய அக்கா புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அந்த மாமாதான். 'ஒன்று' என்று அவள் எண்ணியதும் மாமா விசையில் விரலை வைப்பார், 'மூன்று' என்றதும் அழுத்துவார். நேற்று 'ஒன்று' சொன்ன பிறகு, சாய்ந்து நின்ற விளக்கை நிமிர்த்த விளக்குக்காரர் குறுக்கே புகுந்துவிட்டார். "நில்லு!" என்று கத்தினார் மாமா. அதற்குள் வெடித்துவிட்டது. விளக்குக்காரருக்குத் தோளில் குண்டு. உயிருக்கு ஆபத்தில்லை, கை பழையபடி வருமா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.

"நான் அழுத்தவே இல்ல. துப்பாக்கியிலதான் கோளாறு" என்றார் மாமா. குடித்துவிட்டு வந்திருப்பார் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். டீயைத் தவிர எதையும் தொடாத மனிதரை! நரம்பில்லாத நாக்கு என்ன வேண்டுமானாலும் பேசும். நாளைக் காலையில் விசாரணை.

வெடித்த அதிர்ச்சியில் அவள் கை கேமராவின் பொத்தானை அமுக்கியிருந்தது. அதை அமுக்கினால் அதற்கு முந்தைய இரண்டு நொடிகளைக் கேமரா சேமித்துக்கொள்ளும்; அதனால் அந்தக் கடைசி இரண்டு நொடிகள் பத்திரமாக இருந்தன.

"கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுட்டுப் பாருடி," என்று அக்கா போனில் அழுதாள். "ஒரு தப்பும் பண்ணாத மனுஷன். இவங்க வாய மூடணும்."

பார்த்தாள். திரையின் ஓரத்தில் விளக்குக்காரரின் தோள் நுழைந்தது. மாமாவின் விரல் விசையை விட்டு வெளியே வரத் தொடங்கியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாதி வந்த விரல் சட்டென்று உள்பக்கம் வெட்டி இழுத்தது. மறுபடி வெளியே வரப் பார்த்தது, மறுபடி இழுத்தது. மூன்றாவது இழுப்பில் வெடித்தது. மாமாவின் முகம் அப்போதும் விளக்குக்காரரைப் பார்த்தபடி வாய் திறந்திருந்தது. விரல் செய்கிற காரியம் அந்த முகத்துக்குத் தெரியவே இல்லை.

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். போன மாதம், அதே வெட்டு. ஆறு மாதத்துக்கு முன்னால், கொஞ்சம் லேசாக. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய படத்தில், அழகான புகை வளையத்துக்குக் கீழே மூலையில், விரல் ஒரே ஒரு முறை துள்ளியது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் பெருமையாகப் போட்டுக் காட்டுகிற படம் அது.

மாமாவை வரவழைத்து, உட்காரவைத்து, எல்லாவற்றையும் காட்டினாள்.

"துப்பாக்கி சரியாத்தான் இருக்கு மாமா. நீங்களும் தெரிஞ்சு பண்ணல. நரம்பு டாக்டரப் பாக்கணும்."

அவர் தன் விரலைப் பார்த்தார். அது ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மேசையில் கிடந்தது.

"எத்தன நாளா?"

"ஒன்னரை வருஷமா."

"அத்தனையும் நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா. புகையத்தான் பாத்தேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கே கவனித்திருந்தால் விளக்குக்காரர் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க மாட்டார்.

"இத அழிச்சிடட்டுமா மாமா? பழி துப்பாக்கி மேலயே போயிடும். உங்க வேலையும் போகாது."

"உம் பேரும் வெளிய வராது," என்றார் மாமா.

அவள் தலை குனிந்தாள். அதையும் நினைத்துத்தான் கேட்டிருந்தாள்.

மாமா எழுந்து நாற்காலியைத் தள்ளினார்.

"அழிக்காத. காலையில நான் என் விரலச் சொல்றேன். நீ உன் கண்ணச் சொல்லு."