செனட்டருக்கு மூன்று கப்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் பல்கலைக்கழகம் மாநிலத் தலைநகருக்கு ஐஸ்கிரீம் கொண்டுபோகும். வெளியே பனி முழங்காலளவு கிடக்கும். உள்ளே சட்டமன்றக் கூடத்தில் உறுப்பினர்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்பார்கள். நான் மார்லிஸ் ட்வெட். பால்பண்ணைத் துறையில் இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அந்த ஐஸ்கிரீம் என் மாணவர்கள் கையால் செய்வது.

நிதிக் குழுத் தலைவர் செனட்டர் ராய்ஸ் ஹெல்ம்கே மட்டும் மூன்று கப் தின்பார். மேப்பிள் வால்நட் என்றால் மனிதருக்கு உயிர். தின்று முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, வருடாவருடம் ஒரே வசனம்தான்.

"பாத்தீங்களா! போன வருஷமும் வெட்டினோம், ருசி குறைஞ்சிருக்கா? வேண்டாத ஊளைச்சதையைத்தான் வெட்டுறோம்!"

பதினோரு வருடமாகப் பல்கலைக்கழக மானியத்தை வெட்டுகிறார். கம்பெனிகளுக்கு வரியைக் குறைப்பார்; கஜானாவில் துண்டு விழும். சிறைச்சாலையில் கை வைக்க முடியாது. சாலையில் கை வைத்தால் ஒப்பந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகம் என்றால் வசதி. அது ஃபீஸை ஏற்றிச் சமாளித்துக்கொள்ளும் அல்லவா? அதோடு ஓட்டும் விழும். "உங்க வரிப்பணத்துல வாத்தியாருங்க காபி குடிச்சுக்கிட்டு உங்களையே கேலி பண்றாங்க" என்று அவர் தன் மாவட்டத்தில் பேசினால் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். இத்தனைக்கும் இவரே அந்தக் காலத்தில் எங்களிடம் பேருக்கு ஏதோ ஃபீஸ் கட்டி, மீதியை அரசு கொடுக்கப் படித்தவர்தான்.

போன வருடம் ஜனவரியில் எங்கள் துறைக்கே கடிதம் வந்துவிட்டது. மே மாதத்தோடு மூடுகிறார்களாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றாள் டார்லா. நாற்பத்து நாலு வயது மாணவி. பண்ணை நொடித்து மாடுகளை விற்றுவிட்டு, சீஸ் ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்காகப் படிக்க வந்தவள். பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு வருடம் பாக்கி. இதே படிப்புக்கு இனி பக்கத்து மாநிலமான மினசோட்டாவுக்குப் போக வேண்டும். இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் புருஷனை விட்டுவிட்டு எங்கே போவாள்?

"நீ யாருக்கும்மா ஓட்டுப் போட்டே?" என்று கேட்டேன்.

"ஹெல்ம்கேவுக்குத்தான். எங்க ஊர்ல வேற யாருக்குப் போடுவாங்க?"

"வெட்டுவேன்னு சொல்லித்தானே அந்த ஆளு ஓட்டே கேட்டாரு!"

"அவர் வேற வாத்தியாருங்களைச் சொல்றாருன்னு நினைச்சேன், மார்லிஸ். கவிதை கிவிதைன்னு சொல்லிக் கொடுப்பாங்களே, அவங்களை. நாம மாட்டுக்காரங்கதானே, நம்மளை எதுக்கு..." என்று அழுதாள்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மீதா, அவர் மீதா என்றுகூடத் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அவர் எங்களுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு வெட்டியிருந்தார். தலைநகருக்குப் போகும் ஐஸ்கிரீமில் நானும் கிரீமை முப்பத்தெட்டு வெட்டினேன். வால்நட்டிலும் மேப்பிள் பாகிலும் அப்படியே. மிச்சத்துக்குத் தண்ணீர். டார்லாவிடம் ஒரு கரண்டி கொடுத்தேன்.

"த்தூ! மணலா நறநறன்னுது. இதுல எடுத்த கொழுப்பு பூரா உங்களுக்கு ஏறிடுச்சா? இதையா அவருக்குக் கொடுக்கப் போறீங்க?"

"அவரு செஞ்சதை அவரே தின்னு பாக்கட்டுமே."

தலைநகரில் ஹெல்ம்கே முதல் கரண்டியை வாயில் வைத்தார். முகம் கோணிப்போயிற்று. சுற்றி நின்றவர்கள் கப்பை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத் தலைவர் வெலவெலத்துப்போய் என் முழங்கையைப் பிடித்தார்.

"என்னம்மா கண்றாவி இது?" என்றார் ஹெல்ம்கே.

"உங்க பட்ஜெட்டுங்க சார். நீங்க எங்களுக்கு எவ்வளவு வெட்டினீங்களோ, நான் கிரீம்ல அவ்வளவு வெட்டினேன். இது ஊளைச்சதையான்னு நீங்களே சொல்லுங்க."

தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹெல்ம்கேவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கிவிட்டது.

"நிலைமை இவ்வளவு மோசமாவா போயிருக்கு? இத்தனை வருஷமா ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதம்மா. நான் பாத்துக்கறேன்."

கூட வந்திருந்த டார்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் பாட்டுத்தான்.

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். ஒன்பதே நாளில் சட்டம் வந்தது. எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். மாநிலப் பாரம்பரிய ஐஸ்கிரீம் பாதுகாப்பு நிதி! கிரீமுக்கும் வால்நட்டுக்கும் தாராளமாக ஒதுக்கியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: இந்த நிதியைக் கற்பித்தலுக்குச் செலவிடக் கூடாது.

மே மாதம் துறை மூடப்பட்டது. என்னை ஐஸ்கிரீம் கூடத்துக்கு இயக்குநராக்கினார்கள். முன்பைவிடச் சம்பளம் அதிகம். உற்பத்தி பெருகி இடம் பற்றவில்லை என்று என் வகுப்பறையையே குளிர்பதன அறையாக்கிவிட்டார்கள். கரும்பலகையைக் கழற்ற நேரமில்லாமல் அதன் முன்னாலேயே டப்பாக்களை அடுக்கியிருக்கிறோம். டார்லா வேலை கேட்டு வந்தாள். கப்பில் அள்ளிப் போடும் வேலைதான் இருந்தது, கொடுத்தேன். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தப் பிப்ரவரியிலும் போனோம். ஹெல்ம்கே இரண்டு கப் முடித்துவிட்டு, மூன்றாவதுக்கு டார்லாவிடம் வந்தார்.

"அடடா, பழைய ருசி! நீ யுனிவர்சிட்டியில படிக்கிற பொண்ணாம்மா?"

"படிச்சுக்கிட்டிருந்தேன் சார்."

"அதானே பாத்தேன்! படிச்சவங்க கை பட்டா தனி ருசிதான்" என்றார் ஹெல்ம்கே.

டார்லா கப்பை நிரப்பி, மேலே இன்னும் கொஞ்சம் வால்நட் தூவி, அவர் கையில் கொடுத்தாள்.