எடைமேடையில் நின்ற கேம்பர்

லோர்னா பார்க்கப் போன ஆறாவது கேம்பர் அது. பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் இறக்கி வைத்துக் கொண்டுபோகிற அந்தக் குட்டி வீட்டை மூன்று வாரமாகத் தேடி அவளுக்குக் காலும் ஓய்ந்துவிட்டது, வாயும் ஓய்ந்துவிட்டது. முதலில் பார்த்தது நீளத் தொட்டிக்குச் செய்தது, அவளும் புருஷனும் வைத்திருந்த வண்டிக்கோ குட்டைத் தொட்டி. இரண்டாவதில் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மூன்றாவதன் பக்கவாட்டில் பாரம் குவியும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி பின் அச்சையும் தாண்டி நின்றது. அதை ஏற்றினால் முன்சக்கரம் தரையில் பாவாது. மற்ற இரண்டைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மலைக்கு அந்தப்புறம் ஏரிக்கரை முகாமில் கோடை முழுக்க மேற்பார்வை பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. தங்குவதற்கு வீட்டை நீங்களே கொண்டுவர வேண்டும், திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்று சனிக்கிழமை. போய்ச் சேராவிட்டால் வேலையும் கிடையாது, தலைக்கு மேல் கூரையும் கிடையாது.

ஆறாவதை விற்கிறவர் டெல்மார். ஊர்க் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவர். அவர் கொல்லையில் கேம்பர் நான்கு ஜாக்கிக் கால்களில், அடியில் வண்டி நுழையும் உயரத்துக்குத் தூக்கி நின்றது.

"தகட்டுல ரெண்டாயிரத்து நூறு பவுண்டுன்னு போட்டிருக்கும். அத நம்பிடாதீங்க. வெறும் கூடா இருந்தப்ப போட்ட எடை அது. அப்புறம் ஏசி, பேட்டரின்னு நான் ஏத்தின எதுவும் அதுல சேரல," என்றார் டெல்மார்.

"நம்ம வண்டிக்கு இதெல்லாம் பஞ்சு மூட்டைங்க," என்றான் ராய்ஸ்.

லோர்னாவின் புருஷன் ராய்ஸுக்குத் தன் பிக்கப்பைப் பற்றி யார் ஒரு சொல் சொன்னாலும் பொறுக்காது. பதினெட்டு வருஷமாக அந்த வண்டி அவனிடம் இருக்கிறது. ஒருநாள்கூடச் சாவியை அவளிடம் கொடுத்தவன் அல்ல.

கேம்பருக்கு அடியில், ஜாக்கிக் கால்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுக்க இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம்தான் இடம். லோர்னா பின்னால் நின்று கையைக் காட்டினாள்.

"கைய ஆட்டுறியா, ஈ ஓட்டுறியா? ஒழுங்கா காட்டு!"

"நீ ஒழுங்கா பாரு, ராய்ஸ்."

நான்காவது முறையில் கேம்பர் தொட்டிக்குள் இறங்கியது. வண்டியின் பின்பக்கம் நாய் உட்கார்ந்ததுபோல் தணிந்தது. ராய்ஸ் அசரவில்லை. பின் ஸ்பிரிங்கில் மாட்டியிருந்த காற்றுப் பைகளை ஊதி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்தான்.

"பாத்தியா? ஒரு கிளாஸ் தண்ணி வச்சாலும் சிந்தாது."

"மட்டமா நின்னாப் போதுமா? காத்துப் பை பின்பக்கத்தத் தூக்கிவிடும். பிரேக்கையும் பெருசாக்கிடுமா? போன வருஷம் கணவாய் இறக்கத்துல உன் தம்பி வண்டி புகைஞ்சது மறந்துபோச்சா? எடை போடாம நான் ஏற மாட்டேன்."

சாமான்களை ஏற்றி, தண்ணீர் நிரப்பி, டெல்மாரோடு கிடங்குக்குப் போனார்கள். வண்டிக் கதவோரத்தில் ஒட்டியிருந்த சீட்டு மொத்தம் ஒன்பதாயிரத்து இருநூறு பவுண்டுக்கு மேல் கூடாது என்றது. எடைமேடையின் சிவப்பு எண் ஒன்பதாயிரத்து எண்ணூற்று எண்பதில் நின்றது. தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஜெனரேட்டர், கருவிப் பெட்டி, ராய்ஸின் வார்ப்பிரும்புச் சட்டிகள் எல்லாம் கீழே இறங்கின. இருவரும் மறுபடி வண்டியில் ஏறியதும் எண் ஒன்பதாயிரத்து நானூற்று நாற்பதுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

"இருநூத்தி நாப்பதுதானே கூட. எவன் பாக்கப் போறான்?" என்றான் ராய்ஸ்.

லோர்னாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "என்னால முடியல, ராய்ஸ். இன்னொன்னு தேட என்னால முடியவே முடியாது," என்றாள்.

"இந்தத் தராசே கோளாறு!" என்று அவன் மட்டும் இறங்கி, கதவை அறைந்துவிட்டு டெல்மாரை நோக்கி நடந்தான். மேடையைவிட்டு அவன் காலை எடுத்ததும் சிவப்பு எண் துடித்தது. ஒன்பதாயிரத்து நூற்று எண்பதில் நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சீட்டுல போட்டிருக்கிற எடை ஆளுங்களையும் சேத்துத்தாங்க," என்றார் டெல்மார் மெதுவாக.

"அப்ப நான்தான் பாரமா?"

சிரிக்க வேண்டிய இடம்தான். லோர்னாவுக்கு அழுகை வந்தது. அவன்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"எங்க அக்கா வீட்ல விட்டுட்டுப் போறதா இருந்த நம்ம குட்டிக் காரை நீ எடுத்துக்க. சட்டி, பெட்டி எல்லாம் அதுல போட்டுக்கிட்டுப் பின்னால வா. இத நான் ஓட்டுறேன்," என்றாள்.

ராய்ஸ் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, பதினெட்டு வருஷமாக நகராத இருக்கையை அவள் உயரத்துக்கு முன்னால் இழுத்துவிட்டான். இருக்கைக்கு அடியில் துருப்பிடித்த தண்டு கிறீச்சிட்டது.

"இறக்கத்துல சின்ன கியர்ல இறங்கு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்காத."

"தெரியும்."

ஞாயிறு காலை கணவாயில் நடுக்கண்ணாடி முழுக்கக் கேம்பரின் சுவர்தான் தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் அந்தக் குட்டிக் கார் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே பின்தொடர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து 'அப்படி ஓட்டு, இப்படி ஓட்டு' என்று சொல்ல ஆளில்லை. எத்தனையோ வருஷம் அவள் ஏங்கிய அமைதி அது. வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடிவாரத்தில் ஓரம்கட்டினாள். ராய்ஸ் ஓடிவந்து நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"பெருசா சூடே இல்ல, லோர்னா. நல்லாத்தான் இறக்கியிருக்க," என்றான். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. கையில் காப்பி ஃபிளாஸ்கோடு, போகாமல் கதவருகே நின்றான்.

ஏறிக்கொள் என்ற சொல் அவளுக்கு வாய்வரை வந்தது. சீட்டு சொன்ன அளவுக்குள் மிச்சம் இருந்தது இருபது பவுண்டுதான். ஃபிளாஸ்கை மட்டும் ஜன்னல் வழியாக வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டாள்.