தோள் அளவு

அம்மா போன் செய்தபோது இன்ஹோ வேலை பார்க்கும் பூசான் நகரத்தில் தன் ஒற்றை அறையில் நின்றபடியே நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தான். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்கவும் தோன்றவில்லை, துப்பவும் தோன்றவில்லை. மூன்று வருடமாக அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் அப்பா மூலமாகத்தான் வரும்.

காரணம் தெருவுக்கே தெரியும். மழை கொட்டிய ஒரு சாயங்காலம் சொந்த ஊரான தேகுவின் பஸ் நிலையத்தில் இறங்கிய இன்ஹோ, குடை கொண்டுவரவில்லை, வந்து கூட்டிப்போ என்று அண்ணன் சங்வோனுக்கு போன் போட்டான். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் லாரி அடித்துவிட்டது. அண்ணன் உயிர் போன நேரத்தில் இவன் நிலையத்துக் கூரைக்கடியில் சொட்டுத் தண்ணீர் படாமல் நின்றுகொண்டிருந்தான்.

"அப்பாவுக்கு எழுபது வருது" என்றாள் அம்மா, நேற்றுதான் பேசி வைத்தவள் மாதிரி. "ஸ்டுடியோவுல குடும்ப போட்டோ எடுக்கணும். சோபாவுக்கு மேல மாட்டுறதுக்கு. நீ வரணும்."

அவன் சரி என்று சொல்வதற்குள், உன் தோள் அளவு என்ன என்று கேட்டாள்.

இன்ஹோ பைத்தியக்காரன், இந்த ஒரு கேள்வியிலேயே உருகிப்போனான். பிறந்ததிலிருந்து அவனுக்கென்று அவள் துணி அளவு கேட்டதே கிடையாது. அண்ணன் போட்டுக் கழித்ததுதான் இவனுக்கு. அக்கம்பக்கத்தில் அவளுக்கே சங்வோன் அம்மா என்றுதான் பேர், அவன் செத்த பிறகும் அதேதான். இன்ஹோ அம்மா என்று யாரும் கூப்பிட்டதுமில்லை, கூப்பிட்டிருந்தால் அவள் திரும்பியிருக்கப் போவதுமில்லை. அப்படிப்பட்டவள் அளவு கேட்கிறாள் என்றால் மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தான்.

அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் வந்தது. முடிக்குப் பூசியிருக்கும் பழுப்புச் சாயத்தை எடுத்துவிடு. காதுக்கு மேலே ஒட்ட வெட்டிக்கொள், வகிடு இடது பக்கம் இருக்கட்டும். நாலு கிலோ குறை, தொந்தி தெரிகிறதாம், அப்பா சொன்னார். ஸ்டுடியோவில் எந்தத் திரை, எந்த விளக்கு, யார் எங்கே உட்காருவது எல்லாம் அவளே நேரில் போய்ப் பேசி முடித்துவிட்டாள். நீ வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். இன்ஹோ ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். காலையில் பல் விளக்கும்போது கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகினான். கோணல் பல் தெரியாமல் சிரிப்பது லேசில் வரவில்லை, ஆனாலும் விடவில்லை. ஆபீசில் எல்லோரிடமும் குடும்ப போட்டோ எடுக்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி அவர்கள் உயிரை வாங்கினான்.

போட்டோ எடுக்கும் அன்று தேகு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அவனைச் சுற்றி வந்து பார்த்தாள். தலைமுடியைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறந்தநாளுக்கென்று வைக்கும் கடற்பாசி சூப்பை அரைக் கிண்ணம்தான் ஊற்றினாள், வயிறு உப்பிக்கொள்ளுமாம். பிறகு பீரோவிலிருந்து ஒரு கருநீலக் கோட்டை எடுத்து வந்தாள். சங்வோனுடையது. செத்தவன் துணிகளையெல்லாம் எரித்தபோது இதை மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்திருக்கிறாள். இன்ஹோ கை நீட்டத் தயங்கினான். ஆனால் உயிராக வைத்திருந்ததை எனக்குத் தருகிறாளே என்று அதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டான். கோட்டு கச்சிதமாகப் பொருந்தியது.

ஸ்டுடியோக்காரர் பே என்பவர் நல்ல மனிதர், வாய் ஓயாதவர். முன்னால் இரண்டு நாற்காலியில் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்தார். நடுவில், சற்றுப் பின்னால், உயரமான ஸ்டூல். இன்ஹோவை அதில் ஏறி உட்காரச் சொன்னார். காமிரா தாங்கியில் ஒரு போட்டோவைக் கிளிப்பில் மாட்டினார். சங்வோன், பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. அதைப் பார்த்துப் பார்த்து இன்ஹோவின் முகவாயைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். விளக்கையும் அதே பக்கம் நகர்த்தினார்.

"உடம்பும் முடியும் நீங்க, முகம் மட்டும் அண்ணன்" என்றார். "நிழல் ஒத்துப்போச்சுன்னா ஒட்டுனதே தெரியாது."

இன்ஹோவுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. தோள் அளவு, வகிடு, நாலு கிலோ, எல்லாம்.

"அப்போ நான்?" என்றான். குரல் சின்னப் பிள்ளை குரலாக வந்தது.

அதற்கென்ன, அடுத்து சொந்தச் சட்டையோடு ஓரமாக நிற்க வைத்து இன்னொன்று எடுத்துச் சேர்த்துவிடலாம், அரைமணி வேலை என்று பே சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றாள் அம்மா. "மூணு பேர் போதும்."

இன்ஹோ அப்பாவைப் பார்த்தான். அவர் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டே, அம்மா மனசு ஆறட்டும்டா என்று முனகினார். அம்மா எழுந்து அவனருகே வந்தாள்.

"அவன் உன்னைக் கூப்பிடத்தான் போனான். நீ அவனுக்காகப் பத்து நிமிஷம் உக்காரக் கூடாதா?"

அவள் அவன் டையை நேராக்கினாள். காலரைத் தடவிவிட்டாள். தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள், தட்டிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். மூன்று வருடம் இந்தக் கைக்காகத்தான் ஏங்கிக் கிடந்தான். கண் கலங்கியது. ஸ்டூலை விட்டு இறங்க நினைத்தவன் இறங்கவில்லை.

அவள் போய் உட்கார்ந்தாள். பே விரலைத் தூக்கினார். இன்ஹோ பழகிய சிரிப்பைச் சிரித்தான், கோணல் பல் தெரியாமல், கச்சிதமாக.

"நீங்க சிரிக்க வேண்டாம் தம்பி" என்றார் பே அன்பாக. "உங்க முகத்தை எப்படியும் வெட்டி எடுத்துடுவோம்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அம்மா திரும்பிப் பார்த்தாள். தோளைத்தான் பார்த்தாள்.

"கூன் போடாதே, சங்வோன்" என்றாள்.

இன்ஹோ நிமிர்ந்து உட்கார்ந்தான்.