பாதி மரத்து நிழல்

ஒரே மரம்தான். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே, நடைபாதையில் நின்ற வாதுமை மரம். பாதிக் கிளைகள் மூத்த மருமகளின் ஜன்னல் மேல், மீதிப் பாதி இளைய மருமகளின் வாசல் மேல். பாகம் பிரித்தபோது அறைகளைப் பிரித்தார்கள், தண்ணீர்க் குழாயைப் பிரித்தார்கள். மரம் நகராட்சிக்குச் சொந்தம் என்பதால் தப்பித்தது. மாமனாரையும் யாரும் பிரிக்கவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சாப்பிட்டு முடித்ததும் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மர நிழலுக்கு வந்துவிடுவார். ரொம்ப வருஷமாக அந்த நாற்காலியின் இடம் பெரியவளின் ஜன்னலோரம். உள்ளே அவள் தையல் மிஷினை மிதிப்பாள். வெளியே அவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். நடுநடுவே, "பாத்தியாம்மா இந்த அநியாயத்தை?" என்பார். அவள் பல்லில் நூலைக் கடித்தபடி "உம்" கொட்டுவாள். அவள் புருஷன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம். அந்த வீட்டில் அவளைப் பார்த்து ஒரு மனுஷன் வாய் திறக்கிற நேரம் அந்தப் பேப்பர் நேரம்தான்.

தெருவில் பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு போட்டதற்குப் பிறகு வந்த இலையுதிர் காலத்தில், மரம் ஓரவஞ்சனை செய்தது. பெரியவள் பக்கத்து இலைகள் வழக்கம்போலச் சிவந்து, மொத்தமாகக் கொட்டிவிட்டன. சின்னவள் பக்கம் ஒரு இலைகூட அசையவில்லை. பச்சைப் பசேலென்று நின்றது. வெயில் தாங்காமல் மாமனார் நாற்காலியைத் தூக்கினார். பேப்பரும் கூடவே போனது.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் முணுமுணுப்பாகக் கேட்கும், செய்தி புரியாது. சின்னவளின் சிரிப்பு மட்டும் தெள்ளத் தெளிவாகக் கேட்கும். போதாததற்குத் தெருவில் எல்லோரும், "சின்ன மருமகளுக்குக் கைராசிதான்" என்றார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள்.

சின்னவள் ஏதோ உரம் வைக்கிறாள் என்று பெரியவள் முடிவு கட்டினாள். தன் பங்குக்கு வேரில் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினாள். இலை வரவில்லை. ஊர்ப்பட்ட பூனைகள் வந்தன. "என்னக்கா, பூனை வளக்குறீங்களா?" என்று கேட்டாள் சின்னவள். பெரியவள் கதவைப் படாரென்று சாத்தினாள்.

ஒரு சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போதுதான் கவனித்தாள். மரத்தை ஒட்டிய தெருவிளக்கின் தலை சின்னவள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வெளிச்சம் எந்தக் கிளையோடு நின்றதோ, பச்சையும் அதே கிளையோடு நின்றது. துணியில் சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி இருந்தது.

தெருவிளக்கு லைன்மேன் அவளுடைய வாடிக்கையாளன். அடுத்த தடவை அவன் ஜிப்பு போன பேன்ட்டைக் கொண்டுவந்ததும், "வாசல் ஒரே இருட்டா இருக்கு தம்பி. பூச்சி பொட்டு வந்தாக்கூடத் தெரியல" என்று இழுத்தாள்.

"இவ்வளவுதானேக்கா? ஒரு போல்ட்டு வேலை" என்று சொல்லிவிட்டு அவன் ஏனோ சிரித்தான்.

மறு வருஷம் இலை தங்கியது பெரியவள் பக்கம். சின்னவள் பக்கம் மொட்டை. நாற்காலி ஜன்னலுக்குத் திரும்பியது. "பாத்தியாம்மா இந்த அநியாயத்தை?" என்றார் மாமனார். அன்றைக்கு அவள் "உம்" கொட்டியது அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

இலைகள் என்னவோ முன்போல இல்லை. சாயம் போன பழைய சட்டை மாதிரி, ஓரம் கருகி, ஓட்டை ஓட்டையாகத் தொங்கின. பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். நிழல் இருக்கிறதே, நாற்காலி இருக்கிறதே, வேறென்ன வேண்டும். கோடை ஏறியதும் இலையோடு கிளையும் காய்ந்தது. ஒரு நாள் காற்றே இல்லாத நேரத்தில் ஒரு கொம்பு முறிந்து நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்தது. மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த பேப்பர் இரண்டாகக் கிழிந்தது. பெரியவள் மிஷினை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

நகராட்சியிலிருந்து மரங்களைப் பார்க்கும் அதிகாரியம்மா வந்தார். கூடவே லைன்மேன். அந்தம்மா விளக்கைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார்.

"பகல் குறையறதை வச்சுத்தான் இலையை எப்போ உதிர்க்கணும்னு மரம் தெரிஞ்சுக்குது. நீங்க அதுக்குப் பொழுது சாயவே விடலை. ஓய்வே இல்லாம எவ்வளவு நாள் தாங்கும்? அந்த வீட்டுப் பக்கம் தளிர் வந்திருக்கே தவிர, நடுக்கொம்பு காய்ஞ்சு கிடக்கு. ரெண்டு பக்கமும் வெட்டணும். யாரு இந்த லைட்டைத் திருப்பினது?"

பெரியவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம். இந்தக்கா சொன்னாங்கன்னு இந்தப் பக்கம் திருப்பினேன். அதுக்கு முன்னாடி அந்தக்கா சொன்னாங்கன்னு அந்தப் பக்கம் திருப்பினேன். நான் என்ன பண்ணட்டும்?" என்றான் லைன்மேன்.

சின்னவளும் தரையைப் பார்த்தாள். அந்தம்மா போன பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"மொதல்ல கோலிக்குண்டு உருட்டுற சாக்குல என் பையனை அனுப்பிப் பாத்தேன், மாமா அசையல. எப்பப் பாத்தாலும் உங்க ஜன்னல்தான். பஸ் ஸ்டாண்டுல லைட்டை ஒட்டின கிளை மட்டும் உதிராம நின்னதைப் பாத்துட்டுத்தான் லைன்மேன்கிட்ட சொன்னேன். எனக்கும் யாராவது பேப்பர் படிச்சுக் காட்டக் கூடாதாக்கா?"

பெரியவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தன் வயிற்றெரிச்சலையே யாரோ பக்கத்து வீட்டில் நின்று சொல்வது போலிருந்தது.

மரத்தை வெட்டி இரண்டு கட்டைக் கையாக விட்டுவிட்டுப் போனார்கள். விளக்குக்கு மறைப்பு போட்டார்கள். மறுநாள் மாமனார் வெளியே வந்தார், அண்ணாந்து பார்த்தார், இந்த வாசலையும் பார்க்கவில்லை, அந்த வாசலையும் பார்க்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வாசலிலும் ஒரு வாதுமை. அங்கே விளக்குக் கம்பமே கிடையாது. தன் காலத்தில் உதிர்ந்து தன் காலத்தில் துளிர்த்த மரம், குடை விரித்து நின்றது. ஜெராக்ஸ் கடைக்காரம்மா டீ கொண்டுவந்து நீட்டினாள். அவர் பேப்பரைப் பிரித்தார்.

ஓரகத்திகள் இருவரும் ஒரே படியில் நின்று பார்த்தார்கள். பாகம் பிரித்ததிலிருந்து இப்படிச் சேர்ந்து நின்றதில்லை. மாமனார் ஏதோ கேட்டார். கடைக்காரம்மா "உம்" கொட்டினாள். அது இங்கே கேட்கவில்லை, தலையசைப்பில் தெரிந்தது. அத்தனை நாள் ஒருத்தி மேல் ஒருத்திக்கு இருந்த எரிச்சல் மொத்தமும் ரோட்டைத் தாண்டி அந்தக் கடைக்குள் போனது.

"நல்லா சிரிக்கிறா பாருங்கக்கா" என்றாள் சின்னவள்.

"ம்."

"பாவம், அவங்க கடை வாசல்ல ஒரு லைட்டுகூட இல்லை."

பெரியவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஓய்வே இல்லாமல் மரம் எவ்வளவு நாள் தாங்கும் என்று அந்த அதிகாரியம்மா கேட்டது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. உள்ளே மிஷின் மேல் மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையும் ஞாபகம் வந்தது.

"லைன்மேன் நாளைக்குத்தான் சட்டை வாங்க வருவான்" என்றாள்.