மோட்டர் விழுங்கிய குரல்

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு, நாடெங்கும் கரண்ட் வெட்டிக்கொண்டிருந்த காலம். கற்பிட்டியில் டைப்பிங் கடை வைத்திருந்த டொறத்தி, ஒரே வேலையில் மூன்று தரம் தோற்றிருந்தாள்.

அவள் புருஷன் நிக்கொலஸ், தொண்ணூறாம் ஆண்டு முல்லைத்தீவுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். இந்த முறை போகவேண்டாம் என்று அவள் மறித்தாள். சண்டை பிடித்துக்கொண்டுதான் புறப்பட்டான். பிறகு ஒரு கருவாட்டு லொறியில் அவன் பேசிப் பதிந்த கசெட் ஒன்று வந்தது. அடுத்த மாதமே யுத்தம் மூண்டது. அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாமல் போயிற்று.

கசெட்டில் அவன் குரலைவிட, பக்கத்தில் ஓடிய தண்ணீர் மோட்டரின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. "டொறத்தி... கோவம்..." என்பது ஓரிடத்தில் விளங்கும். மிச்சத்தை மோட்டர் விழுங்கிவிடும். பதினொரு வருஷமாக அந்தச் சொல்லோடுதான் அவள் இருந்தாள்.

கசெட்டின் ஒலியைக் கணினியில் ஏற்றி இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. ஆனால் அவளுடைய பழைய கணினியில் அந்த வேலை முடிய மூன்று மணித்தியாலம் வேண்டும். கரண்டோ இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து இருக்காது. போனால் எல்லாம் முதலிலிருந்து; மூன்று தரமும் அப்படித்தான் ஆயிற்று.

"புரொசசர்ர வேகத்தக் கூட்டலாமாம், தங்கச்சி," என்றார் மஹ்ரூப். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பக்கத்துக் கடையில் ரேடியோ திருத்துபவர்; டொறத்திக்கு அவர் 'நானா', அண்ணன் முறை. "புத்தகத்தில வாசிச்சன். செஞ்சு பாத்ததில்ல. பிழைச்சா எரிஞ்சிடும்."

எரிந்தால் கடையும் போய்விடும். டொறத்தி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மதர்போர்டோடு வந்த சிறு கையேட்டை விரித்துவைத்து, "நீங்க டோர்ச்சப் பிடியுங்கோ நானா. நானே மாத்துறன்," என்றாள்.

மாற்றவேண்டியிருந்தது, அரிசியளவான ஒரு கறுப்பு மூடியைத்தான். ஜம்பர் என்று கையேடு சொன்னது. அதைக் கழற்றி அடுத்த ஊசிகளில் செருகினாள். பொத்தானை அழுத்தியதும் திரையில் வேகம் 300 என்று இருந்த இடத்தில் 450 வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாதி வேலையில் திரை அப்படியே உறைந்துவிட்டது.

மஹ்ரூப் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, புரொசசர் மேலிருந்த அலுமினியத் தகட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "சூடு. இஞ்ச பாருங்க, கடக்காத்து உப்பும் தூசியும் அடைச்சுக் கிடக்கு. இது மூச்சு விட ஏலாம நிக்கிது."

தகட்டைக் கழற்றி, பெயின்ட் தூரிகையால் இடுக்கிடுக்காகத் துடைத்தார். ரேடியோ டிரான்சிஸ்டருக்குப் பூசும் வெள்ளைப் பசையைக் கொண்டுவந்து மெல்லிசாகத் தடவினார். தன் கடை மேசை ஃபேனையும் தூக்கிவந்து, திறந்த பெட்டிக்கு நேரே வைத்தார். புழுக்கத்தில் அவர் வியர்த்து ஒழுக, கணினிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

மறுநாள் கரண்ட் வந்த கையோடு தொடங்கினார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மஹ்ரூப் புதுக் கசெட் ஒன்றில் பதிவாகும்படி வயரைப் பொருத்திவிட்டு, "நீங்க கேளுங்க," என்று சொல்லி வெளியே போய் நின்றார்.

மோட்டர் தூரத்துக்குப் போயிருந்தது. நிக்கொலஸின் குரல் கொஞ்சம் தகரம் தட்டினாற்போல் இருந்தாலும் சொற்கள் தெளிவாக வந்தன.

"டொறத்தி, எனக்குக் கோவம் ஒண்டும் இல்ல. நீ சொன்னதுதான் சரி. இந்த முறையோட காணும், போதும்; வந்திடுறன்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பதினொரு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்த கல் உருண்டு போனது போலிருந்தது. அவன் இருக்கிறானா இல்லையா என்பது இன்றும் தெரியாது. ஆனால் அவன் மனசில் கோபம் வைத்திருக்கவில்லை. அது போதும், ஆண்டவரே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நானா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வந்து நீங்களும் கேளுங்கோ. அவர் இப்ப மீன்பாட்டப் பத்தி, வலையில பட்ட மீனப் பத்திக் கதைக்கிறார்."

மஹ்ரூப் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டொறத்தி தன் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டாள்.