நேபுகாத்நேச்சார் வேஷம்

வேதக்கோயிலுக்கு இடம் கொடுத்தவர் சௌந்தரபாண்டியனின் தாத்தா. அதனால் சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை நாடகத்தில் ராஜா வேஷம் எப்போதும் அந்த வீட்டுக்குத்தான். யாரும் எழுதிவைத்த விதியல்ல, யாரும் மீறியதுமில்லை. பார்வோன், சாலொமோன், ஏரோது என்று மூன்று தலைமுறையாக அந்த அட்டைக் கிரீடம் வேறு தலையில் ஏறவில்லை.

1986இல் சபைக்குப் புதிதாக வந்த உபதேசியார் நேபுகாத்நேச்சார் கதையை எடுத்தார். பாபிலோனைக் கட்டியது நானே என்று மார்தட்டிய ராஜா, புத்தி பேதலித்து மாடுபோலப் புல் மேய்ந்து, கடைசியில் வானத்தை நோக்கிக் கண்ணை உயர்த்தியபோதுதான் அரசைத் திரும்பப் பெறுகிறான். வேஷம் சௌந்தரபாண்டியனின் மகன் இன்பராஜுக்கு.

கேள்விப்பட்டதிலிருந்து சௌந்தரபாண்டியனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாளையம்பட்டிக் கடையை மதியமே அடைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார். ஒத்திகை நடந்த இடத்துக்கு நேரே போனார்.

"எங்க வீட்டுப் பிள்ளை ஊருக்கு முன்னால நாலு கால்ல போகமாட்டான். புல்லு மேயுறத எடுத்துருங்க."

"அதை எடுத்தா கதையே இல்லையே அண்ணாச்சி," என்றார் உபதேசியார்.

"நான் ஏரோது கட்டுனேன். அவரு புழுப் பிடிச்சுச் செத்தத மேடையில காட்டுனோமா?"

"ஏரோது திரும்ப எந்திரிக்கல. இவரு எந்திரிக்கணும்ல? விழுகாம எப்படி எந்திரிக்க?"

இன்பராஜ் குறுக்கே வந்தான். "நடிப்புதானப்பா. நான் செய்றேன்."

"உனக்கு நடிப்பு. நாளைக்குக் கடையில நாலு பேரு மூஞ்சியில முழிக்கிறவன் நானு. ராசா வேஷத்த நானே கட்டுறேன். நீ ராசாவுக்குக் கனவுப் பலன் சொல்ற தானியேலாப் போ."

அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. புல் மேயும் காட்சியில் நின்றபடியே முகத்தைக் கையால் மூடிக்கொண்டால் திரையை இழுத்துவிடுவார்கள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பண்டிகையன்று பொழுது இறங்கியதும் நாடகம் தொடங்கியது. சரிகை அங்கி, கிரீடம், அவருடைய உயரம் எல்லாம் சேர்ந்து ராஜாவாகவே தெரிந்தார்.

"இந்தப் பாபிலோன் என் கை கட்டியது! என் பேரை உலகம் சொல்லும்!"

கைதட்டல் எழுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியாரின் குரல் பரலோகக் குரலாக வந்து தண்டனையைச் சொன்னது. மேடையில் ஒரு கட்டுச் சோளத்தட்டை வந்து விழுந்தது. அந்த வருஷ வறட்சியில் பச்சைப் புல்லுக்கு எங்கே போவது?

சௌந்தரபாண்டியன் முகத்தை மூடிக்கொண்டார். திரை அசையவில்லை. கையை எடுத்தார். அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்பினார்.

"அண்ணாச்சி, கீழ... கீழ," என்றது திரைமறைவுக் குரல்.

முழங்கால் மடங்கவில்லை. மறுபடியும் நடந்தார்.

"யோவ் ராசா, தட்டை காயுது!" என்று கூட்டத்திலிருந்து பால்பாண்டி கத்தினான்.

சிரிப்பு பரவியது. சிரித்தது யார் யார் என்று அவர் கண் தேடியது. எல்லோருமே சிரித்தார்கள்.

அப்போது தானியேல் வேஷத்தில் இருந்த இன்பராஜ் மேடைக்கு வந்தான். ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. இரண்டு கையாலும் அப்பாவின் கிரீடத்தை மெல்ல எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு அவர் காலடியில் நான்கு காலில் விழுந்தான். காய்ந்த தட்டையைக் கடித்து மென்றான். மெல்லும் சத்தம் கேட்கும் அளவுக்குக் கூட்டம் அடங்கிப்போனது.

இன்பராஜ் முழங்காலில் நிமிர்ந்து முகத்தை உயர்த்தினான். மேடைக்குக் கூரையில்லை. வானத்தையே பார்த்தான்.

மந்திரிகள் ஓடிவந்தார்கள். ராஜாவுக்கு அங்கி போர்த்தி எழுப்ப வேண்டும். அங்கி சௌந்தரபாண்டியனின் தோளில் இருந்தது. அவர்கள் திகைத்து அவரைப் பார்த்தார்கள்.

"குடுங்க அண்ணாச்சி," என்று ஒருவன் கை நீட்டினான்.

அவர் அவனிடம் கொடுக்கவில்லை. தானே முடிச்சை அவிழ்த்தார். அங்கியை விரித்து நீட்டினார். நின்றபடி போர்த்தியதில் மகனின் தோளில் சரியாக உட்காரவில்லை. வழுக்கிக்கொண்டு கீழே போனது.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். பிறகு மற்றதையும்.