அண்ணிக்குத் தைத்த சட்டை

இடது கை எப்படியோ நுழைந்துவிட்டது. வலது கைதான் மக்கர் பண்ணியது. முன்னறைக் கட்டிலில் அண்ணியைக் கிடத்தி, நாலைந்து பெண்கள் அந்த நீலச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனவளின் நாத்தனாரான தையல்காரி, உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்த சட்டை அது.

"என்ன இது, இவ்வளவு இறுக்கமா இருக்குது? யார் தைச்சது?" என்றாள் பக்கத்து வீட்டு நர்ஸ்.

எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் சொல்லவில்லை.

தைத்தபோது சரியாகத்தான் இருந்தது. நோவு வந்து அண்ணி இளைக்க இளைக்க, தையல்காரி அவள் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தாள். அண்ணி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாத்தியா, நான் இளைக்கவே இல்ல. எல்லாம் அப்படியே கச்சிதமா இருக்குது" என்பாள். தெரிந்துதான் சொன்னாளா, இல்லையா? இரண்டு பேருமே அதைப் பேசியதில்லை. கடைசி வாரத்தில் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. மறுபடி பிரித்துத் தைக்க அண்ணி அவகாசம் கொடுக்கவில்லை. போவதற்கு முந்தின நாள், "நான் போனா நீதான் எனக்குப் போட்டுவிடணும். கண்டவங்க கையில விட்டுடாத" என்றாள். "சும்மா இருங்க அண்ணி" என்று இவள் அதட்டினாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் விடிந்ததும் வந்து இறங்கிய அண்ணியின் மகள், "நீங்க உள்ளயே இருங்க அத்தை. நாலு பேர் வர்ற இடம்" என்றுவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

உள்ளே இருப்பது தையல்காரிக்குப் புதிதா என்ன? கழுத்தை நெரிக்க வந்த புருஷனை, கைக்கு அகப்பட்ட கத்தரிக்கோலால் குத்திவிட்டுச் சிறைக்குப் போனவள். அங்கே தையல் கூடத்தில் கத்தரிக்கோலைச் சங்கிலி போட்டு மேஜையோடு கட்டியிருந்தார்கள். துணியை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நூலை அறுப்பதற்குப் பல்தான். விடுதலையாகி வந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. கதவைத் திறந்தது அண்ணி. மறுநாள் காலையில் தன் தையல் கடையின் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கூர்முனையைத் தன் பக்கம் வைத்து, பிடியை இவளிடம் நீட்டி, "இந்தா, ரெண்டு சட்டை வெட்டணும்" என்றாள். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் கேட்கவில்லை. இவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து வெட்டினாள்.

"அவ கையாலயா தைக்கிறா?" என்று ஒரு வாடிக்கைக்காரி முகம் சுளித்தபோது, "கையாலயும்தான், காலாலயும்தான். மிஷினை மிதிக்கணும்ல?" என்றாள் அண்ணி. அந்த அம்மாள் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. அண்ணி இவளைத் திட்டியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். "இன்னும் எதுக்குடி நூலைப் பல்லால கடிக்கிற? கத்தரிக்கோல்தான் பக்கத்துலயே கிடக்குதே."

"முதுகுல வெட்டினாத்தான் ஏறும்" என்றாள் நர்ஸ். "கத்தரிக்கோல் எங்க?"

யோசித்திருந்தால் வந்திருக்க மாட்டாள். கத்தரிக்கோலோடு திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள் தையல்காரி. நர்ஸ் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டாள். மற்றவர்கள் தையல்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள்.

"நான் வெட்டுறேன்மா" என்றாள் தையல்காரி. "நடுமுதுகுல நேரா விட்டா..."

"குடுங்க அத்தை." அண்ணியின் மகள் கையை நீட்டினாள்.

"உங்கம்மா என்கிட்டத்தான்..."

"குடுங்க."

கூர்முனையைத் தன் பக்கம் வைத்து, பிடியை நீட்டினாள்.

மகள் கோணல்மாணலாக வெட்டினாள். சட்டை ஏறிவிட்டது. ஆனால் முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அம்மாவ இப்படியே எப்படி அனுப்புறது?"

தையல்காரி உள்ளே போய், வெட்டி மிஞ்சிய நீலத் துண்டு ஒன்றையும் ஊசி நூலையும் எடுத்து வந்தாள். ஊசிக்கு யாரும் பயப்படவில்லை.

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் புடிச்சுக்கோங்கக்கா" என்றாள் நர்ஸிடம். துண்டை முதுகில் வைத்து, ஓரம் மடித்து, நெருக்கமாகத் தைக்க ஆரம்பித்தாள். நாளைக்கு இதே சட்டையில் கடைக்குக் கிளம்பப்போகிறவளுக்குத் தைப்பதைப் போல நிதானமாகத் தைத்தாள்.

"படுக்க வச்சா முதுகை யார் பாக்கப்போறாங்க? சும்மா ரெண்டு தையல் போடும்மா" என்றாள் நர்ஸ், கை வலித்து.

"அண்ணி பாப்பாங்க."

நர்ஸ் அண்ணியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். கடைசித் தையல் தோள்பட்டையில் வந்து முடிந்தது. முடிச்சுப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், கையிலிருந்த கத்தரிக்கோலைத் திருப்பி, பிடியை அத்தையின் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க அத்தை."

தையல்காரிக்கு அது கேட்கவில்லை. அதற்குள் குனிந்து, அண்ணியின் தோளில் முகத்தை வைத்து நூலைக் கடித்துவிட்டாள். நூல் உடனே அறுந்துவிட்டது. அவள் நிமிரவில்லை. மகள் கத்தரிக்கோலை நீட்டியபடியே நின்றாள்.